உதடு மூடிய பிறகும் ஓடிய குரல்

அத்தியாயம் 7

மனிதன் கண்டுபிடித்த குற்றவாளிகளிலேயே மிகவும் வசதியானது பேய்தான். அதற்கு முகவரி இல்லை, கைரேகை இல்லை, கூண்டில் ஏற்றி நிறுத்த உடம்பும் இல்லை. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி மூச்சுத் திணறி மாண்டுபோனாள் என்றால், அப்போது அருகில் இருந்தவன் எவன் என்று கேட்கவேண்டிய ஊர், ஆவி கொண்டுபோய்விட்டது என்று ஒருவன் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்கொண்டு கதை கேட்கிறது! கேட்பதோடு நிற்கிறதா? நுழைவுச்சீட்டும் வாங்குகிறது!

"மூடிய வகுப்பறை" என்னும் திரைப்படம் வெள்ளியன்று வெளிவர இருந்தது. பத்திரிகையாளர்களுக்கு மட்டுமான முன்காட்சி புதன்கிழமை நடந்தது. பூட்டிக் கிடக்கும் பள்ளியறைக்குள் விளையாட்டாக நுழையும் ஐந்து மாணவர்கள். அங்கே முன்பொரு நாள் மாண்டுபோன மாணவியின் ஆவி. அது ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறது. கதை இவ்வளவே. நடித்த ஐவரில் நால்வர் பள்ளிப் பருவத்தைத் தாண்டி நெடுநாளானவர்கள். ஒருவருக்குச் சீருடைக்கு மேலே மீசையை மழித்த தடம் பச்சையாகத் தெரிந்தது. ஆனால் இறுதியில் கதாநாயகி இருட்டறையில் நின்று அலறும் அலறல் இருக்கிறதே, அது அரங்கத்தையே உலுக்கிவிட்டது. விளக்கு எரிந்ததும் விமர்சகர் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "விருது இந்தப் பொண்ணுக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க" என்றார்.

எந்தப் பெண்ணுக்கு? திரையில் தெரிந்த முகத்துக்கு இந்த மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அலறியவள் வேறொருத்தி. டப்பிங் பேசிப் பிழைத்த அந்தப் பெண், சென்ற மாதம் ஒலிப்பதிவுக்கூடத்தின் படிக்கட்டில் பிணமாகக் கிடந்தாள். வேலை முடித்து இறங்கும்போது மூச்சிழுப்பு வந்து இறந்தாள் என்று எல்லாரும் சொன்னார்கள். இயக்குநர் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி சொன்னார். "ஆவிப் படத்துக்குக் குரல் கொடுத்தா ஆவி சும்மா விடுமா? பேசி முடிச்சதும் அந்தப் பொண்ணு முகமே மாறிப்போச்சுங்க!"

இறந்தவளின் அக்காள் ஒரு தையற்கடையில் காலர் தைப்பவள். அவள் துப்பறியும் அம்மையாரிடம் கேட்டு வந்தது ஒன்றே ஒன்று. "அவ எங்க செத்தா? படிக்கட்டுலயா, அந்த ரூம்லயா? படிக்கட்டுலன்னா அது அவ விதின்னு நான் வாயை மூடிக்கிறேன். ரூம்லன்னா, பக்கத்துல ஆள் இருந்திருக்காங்க இல்ல?"

அம்மையார், நீதிமன்றத்தில் கால் நூற்றாண்டு சுருக்கெழுத்தாளராக இருந்து, பொய் சொல்லும் வாய்களைப் பார்த்தே காலம் கழித்தவர். அவருடைய உதவியாளனை ஊர் 'தீக்குச்சி' என்று அழைத்தது. உடம்பு குச்சி, தலை மட்டும் சட்டென்று பற்றிக்கொள்ளும். முன்காட்சியன்று, தெரிந்த நிருபர் தயவில் கிடைத்த கடைசி வரிசையில் இருவருக்கும் நடுவே அக்காள், கைப்பையை மார்போடு அணைத்தபடி, அலறல் ஓய்ந்த பிறகும் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி அலறலைப் பார்த்தியா?" என்றார் அம்மையார்.

"பார்க்க எங்க விட்டாங்க மேடம்? பக்கத்துல இருந்த நிருபர் பயத்துல என் சட்டையைப் பிடிச்சார். பட்டன் ரெண்டும் அவர் கையோட போயிடுச்சு. படம் ஓடலைன்னாலும் சட்டைக்கடை ஓடும்."

"உதட்டைப் பார்த்தியான்னு கேக்கறேன்."

"கதாநாயகி உதட்டைப் பார்க்க எனக்கு வீட்டுல அனுமதி இல்ல மேடம்."

"நான் பார்த்தேன். அவ வாயை மூடிட்டா. குரல் நிக்கல. மூடின உதட்டுக்கு மேல குரல் பாட்டுக்கு ஓடுது."

தீக்குச்சி தலையைச் சொறிந்தான். "டப்பிங்னா முன்னே பின்னே இருக்கும்தானே மேடம்?"

அக்காள் கண்ணைத் திறந்தாள். "அவளுக்கு இருக்காது."

இருவரும் திரும்பினார்கள்.

"டிவியில சத்தத்தை அணைச்சிட்டு, செய்தி வாசிக்கிறவங்க வாய்க்கு இவ செய்தி வாசிப்பா. அந்த அம்மா சீரியஸா எதையோ வாசிக்கும். இவ, 'எங்கள் அக்கா இன்றும் குழம்பில் உப்புப் போட மறந்தார், மக்கள் கொந்தளிப்பு'ன்னு பேசுவா. ஒரு எழுத்து வாயை விட்டுத் தாண்டாது. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். அவ தாண்ட மாட்டா மேடம். உதட்டைப் பார்த்துட்டே தாண்ட மாட்டா."

"பார்த்துட்டே தாண்ட மாட்டா" என்று அம்மையார் அந்தச் சொற்களை மட்டும் மெல்லத் திரும்பச் சொன்னார். "அப்ப அவ பார்க்கல. முன்னால படம் ஓடற திரை இல்ல. அணைச்சிருக்காங்க."

தீக்குச்சியின் தலை பற்றிக்கொண்டது. "இருட்டுல நின்னு எதுக்கு மேடம் கத்தணும்?"

அது நடிப்பு அலறல் அல்ல என்று மூவருக்கும் தெரிந்துவிட்டது.

அம்மையார் இன்னொன்றும் கேட்டார். "உங்க தங்கச்சி உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ கையில வளையல் இல்லைன்னு சொன்னீங்களே?"

"பையில இருந்தது. மைக் முன்னாடி போறப்ப கழட்டி வைப்பா, சத்தம் வருமாம். கதவைத் தாண்டி வெளியில கால் வச்சதும் முதல் வேலையா எடுத்து மாட்டிப்பா. வெறுங்கையோட ரோட்டுல நடக்க மாட்டா."

"படிக்கட்டு வரைக்கும் வெறுங்கையோட வந்திருக்கா. நடந்து வந்திருந்தா மாட்டியிருப்பா."

அம்மையார் அங்கிருந்தே காவல் ஆய்வாளருக்குத் தொலைபேசியில் பேசினார். ஆய்வாளர் சிரித்தார். "வளையல் போடலைன்னு வழக்குப் போட முடியாதும்மா. வாய் மூடுது, குரல் மூடலைங்கிறீங்க, அதை என் கண்ணால பார்க்கணும். வெள்ளிக்கிழமை படம் வருதில்ல? ரெண்டு நாள்ல வானம் இடிஞ்சு விழாது."

மறுநாள் பிற்பகல் அம்மையாரும் தீக்குச்சியும் ஒலிப்பதிவுக்கூடத்தின் மாடி ஏறினார்கள். படிக்கட்டு முடியுமிடத்தில் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தின் கோடியில் தடித்த கதவு. கதவுக்கு வெளியே சுவரில் ஓர் அலமாரித் தட்டு. உள்ளே போகிறவர்கள் கைப்பேசி, கடிகாரம், கைப்பை, சத்தம் எழுப்பும் எதையும் அதில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. கதவின் தாழ்ப்பாளைப் பார்த்து அம்மையார் நின்றார். அது வெளிப்பக்கம் இருந்தது.

"உள்ள பேசிட்டு இருக்கும்போது யாரும் கதவைத் தள்ளக் கூடாதுன்னு வச்சது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒலிப்பதிவாளர். தூக்கம் கெட்ட முகம். கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"உள்ள இருக்கிறவங்க வெளியில வராம இருக்கவும் உதவும் போல" என்றான் தீக்குச்சி.

அம்மையார் நேரே விஷயத்துக்கு வந்தார். "அந்தப் பொண்ணு அலறினப்போ திரையை அணைச்சது யாரு?"

ஒலிப்பதிவாளரின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் இறங்கியது. தாழ்வாரத்தின் இருபுறமும் பார்த்தார். "இங்க வேண்டாங்க. ஆபீஸ் பையன், டிரைவர்னு யாராவது வந்துட்டே இருப்பாங்க. உள்ள வாங்க. இந்தக் கதவை மூடிட்டா குண்டு போட்டாலும் வெளியில கேக்காது."

அறைக்குள் சென்றார்கள். சுவரெல்லாம் கருப்பு மெத்தை. ஒரு பக்கம் வெள்ளைத் திரை. நடுவே தாங்கியில் மைக். எதிர்ப்பக்கம் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் இருப்பது ஒலிப்பதிவாளர் அமரும் அறை. அங்கே விளக்கில்லாததால் கண்ணாடியில் இவர்கள் முகமே தெரிந்தது. கதவு சாத்தியதும் காதுக்குள் பஞ்சு அடைத்தது போலாயிற்று.

அம்மையாருக்கு ஒரு பலவீனம் உண்டு. துப்பு ஒன்று கைக்கு வந்துவிட்டால், நகைக்கடைக்காரன் வெல்வெட் துணியை விரிப்பது போல, அதை எதிரே இருப்பவருக்கு விரித்துக் காட்டாமல் இருக்க அவரால் முடியாது. மைக்குக்கு அருகே நின்று, உதடு மூடும் இடத்தையும் குரல் தாண்டும் இடத்தையும், வளையலையும் கைப்பையையும், ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார். "உதடு மூடின பிறகும் ஓடுற அந்தக் குரல் ஒண்ணு போதும். நாளைக்கு ஆய்வாளரைத் தியேட்டர்ல உக்கார வச்சு இதைத்தான் காட்டப் போறேன்" என்று முடித்தார்.

ஒலிப்பதிவாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தாங்க பேசினா. எத்தனையோ டேக் நல்லா பேசினா. இயக்குநருக்குப் பிடிக்கல. 'இது நடிப்பு, எனக்கு நடிப்பு வேணாம்'னாரு. வெளியில போய்த் தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்து, திரையை அணைச்சாரு, விளக்கை அணைச்சாரு. என்கிட்ட 'ரெக்கார்ட் போடு'ன்னாரு. நான் போட்டேன்."

"அவ?"

"முதல்ல சிரிச்சா. 'அண்ணா, கரண்ட் போச்சா? பில்லு கட்டலையா?'ன்னு கேட்டா. நாங்க பேசல. அப்புறம் கதவுக்கிட்ட போயிட்டா. 'அண்ணா, விளையாடாதீங்க, எனக்கு மூச்சு முட்டும்'னா. அப்புறம்தான் அந்த அலறல்."

"உடனே திறந்தீங்களா?"

அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "இயக்குநர் துள்ளிக் குதிச்சாரு. 'இதுதான், இதுதான், போட்டுக் காட்டு'ன்னாரு. போட்டுக் கேக்கணும்னா உள்ள இருக்கிற மைக்கோட சத்தத்தை இறக்கணுங்க. இறக்கினேன். பதிவான அலறலைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தோம். உள்ள அவ அலறினது எங்களுக்குக் கேக்கவே இல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. போய்க் கதவைத் திறந்தா, கதவுக்கிட்ட சுருண்டு கிடக்கா. இன்ஹேலர் வெளியில, தட்டுல இருந்த பைக்குள்ள."

எத்தனை பேய்க்கதைகளைக் கேட்டிருக்கிறோம்! தலைவிரிகோலமாய் வரும் பேய், கூரைமேல் நடக்கும் பேய், குழந்தைக் குரலில் அழும் பேய். இரண்டு மனிதர்கள் ஒரு பெண்ணின் அலறலை ஒலிபெருக்கியில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்க, அதே அலறலின் மிச்சம் சில அடி தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னே கேட்பாரற்று ஓய்ந்துபோன கதையை எந்தப் பேயாவது எழுத முடியுமா?

தீக்குச்சிதான் முதலில் பேசினான். "தூக்கிட்டுப் போய்ப் படிக்கட்டுல போட்டது?"

"ரெண்டு பேரும்."

"பதிவு இருக்கா?"

"அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டாரு. படத்துல இருக்கிற துண்டுதான் மிச்சம்." அவர் நிமிர்ந்தார். "நான் வந்து சொல்றேங்க. நாளைக்குத் தியேட்டருக்கே வர்றேன். ஆய்வாளர் அந்த இடத்தைப் பார்க்கட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கறேன். என்னால தூங்க முடியல."

வெளியே வந்ததும் தீக்குச்சி அம்மையாரின் கையைப் பிடித்தான். "மேடம், இந்த ஆளை இப்பவே ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிடலாம். ராத்திரி தாண்டினா மனுஷன் மாறிடுவான்."

"அழுதவன் மாற மாட்டான்" என்றார் அம்மையார்.

வெள்ளிக்கிழமைக் காலைக்காட்சி. சீருடையோடு வந்த மாணவிகள் நான்கு வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். ஆய்வாளர் சாதாரண உடையில், பாப்கார்ன் பொட்டலத்தோடு. அவர் பக்கத்தில் அம்மையார். அடுத்து அக்காள். அன்று அவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "இன்னைக்கு அந்த ரெக்கார்டிங் சார் ஒத்துக்கிட்டா, தங்கச்சி குரலைப் படத்துலேர்ந்து எடுத்துடுவாங்க இல்ல மேடம்? ஒவ்வொரு ஊர்லயும் தினம் அவ கத்திட்டே இருக்கக் கூடாது" என்று அரங்கத்துக்குள் நுழையும்போதே கேட்டிருந்தாள். எடுத்துவிடுவார்கள் என்று அம்மையார் வாக்குக் கொடுத்திருந்தார்.

படம் ஓடியது. மீசை மழித்த மாணவன் செத்தான், அரங்கம் சிரித்தது. இறுதிக்காட்சி நெருங்கியது. கதாநாயகி இருட்டறைக்குள் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

"இப்ப பாருங்க சார். உதட்டை மட்டும் பாருங்க" என்று அம்மையார் ஆய்வாளரின் முழங்கையைத் தொட்டார்.

அலறல் எழுந்தது. திரையில் கதாநாயகியின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது.

முன்காட்சியில் முகம் இருந்த இடத்தில் இப்போது அவிழ்ந்த கூந்தலும் கதவும். காட்சியின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கூந்தலும் கதவும்தான். உதடு இல்லை, உதடு மூடவில்லை, எதையும் தாண்டவும் இல்லை. அலறல் மட்டும், முன்காட்சியில் கேட்டதைவிட உரக்க, அரங்கத்தின் நான்கு மூலையிலும் மோதியது. மாணவிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கூச்சலிட்டார்கள். விசில் பறந்தது.

"எந்த உதடும்மா?" என்றார் ஆய்வாளர்.

படம் முடியுமுன்பே அம்மையாரும் ஆய்வாளரும் தீக்குச்சியும் வெளியே வந்தார்கள். முன்கூடத்தில் சுவரொட்டிக்குக் கீழே இயக்குநர் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் ஒலிப்பதிவாளர், புதுச் சட்டையில். இயக்குநர் கைகூப்பி அம்மையாரை வரவேற்றார்.

"என்ன கண்ணு மேடம் உங்களுக்கு! 'உதடு மூடின பிறகும் ஓடுற குரல்'. என் எடிட்டர் பார்க்கல, விமர்சகர் ஒருத்தர் பார்க்கல. நீங்க சொல்லலைன்னா படத்துல அந்தத் தப்பு அப்படியே போயிருக்கும். முதுகைக் காட்டுற ஷாட் ஒண்ணு கைவசம் இருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா மாத்தி, பழையதை அழிச்சுட்டு, எல்லாத் தியேட்டருக்கும் அனுப்பிட்டோம்."

அம்மையாரின் உதடு அசைந்தது; குரல் வரவில்லை.

"யார் சொன்னான்னு யோசிக்கிறீங்களா? நீங்கதான். அந்த ரூம்ல பேசினா தாழ்வாரத்துக்குக் கேக்காதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்கும் மேடம். மைக் எதுக்கு வச்சிருக்கோம்? நான் விளக்கை அணைச்சிட்டுப் படுத்திருந்தேன். ஸ்பீக்கர்ல எல்லாரும் பேசுனீங்க, தெளிவா."

ஒரு பெண்ணின் அலறலை அந்த மைக் பிடித்தது என்று நிரூபிக்கப் போனவர், தன் பேச்சையும் அது பிடிக்கும் என்பதை மறந்துபோனார்! அறிவைக் கூர்தீட்டிக் கொண்டுபோய் எதிரியின் கையில் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு வந்தார்!

ஆய்வாளர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். "நீங்க ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களாமே?"

"ஒண்ணும் இல்லைங்க சார்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "அந்தப் பொண்ணு வேலை முடிச்சுட்டுப் போச்சு. படிக்கட்டுலதான்..."

"அழுதீங்களேய்யா!" என்று பாய்ந்தான் தீக்குச்சி.

"ரெக்கார்ட் பட்டனை அழுத்தினது யார் விரல், மைக்கை இறக்கினது யார் விரல்னு ராத்திரி உக்காந்து பேசினோம் தம்பி" என்றார் இயக்குநர், தீக்குச்சியின் காதருகே அன்பாகக் குனிந்து. "நான் எந்தப் பட்டனையும் தொடுறதில்ல. எனக்கு அதெல்லாம் தெரியாது."

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். "வேற ஏதாவது கிடைச்சா சொல்லுங்கம்மா" என்று அம்மையாரிடம் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுவோம்!" என்றான் தீக்குச்சி.

"சொல்லுங்க தம்பி. மேடை வேணும்னா நானே போட்டுத் தர்றேன். நீங்க சொல்லச் சொல்ல அடுத்த வாரமும் டிக்கெட் கிடைக்காது."

அரங்கக் கதவுகள் திறந்தன. கூட்டம் சிரித்தும் பயந்தும் ஒருவரையொருவர் தள்ளியும் வெளியே பெருகியது. எல்லாரும் வந்த பிறகு அக்காள் வந்தாள். இயக்குநரையும் ஒலிப்பதிவாளரையும் பார்த்தாள், அம்மையாரின் முகத்தைப் பார்த்தாள், கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

"ரூம்லதானா மேடம்?"

"ரூம்லதாம்மா." அம்மையார் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. "நிரூபிக்க முடியல. நான்தான் கெடுத்துட்டேன்."

அக்காள் தலையை அசைத்தாள். அழவில்லை. முதல் காலரிலிருந்து கடைசிக் காலர் வரை ஒரே நேர்கோட்டில் தைத்துப் பழகிய கைகள், கைப்பையின் பட்டையை இறுக்கிக்கொண்டன. அவள் திரும்பி, கலைந்துகொண்டிருந்த சீருடைப் பெண்களை நோக்கி நடந்தாள். ஒருத்தியின் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, கடைசியில கத்தினது யார்னு தெரியுமா? என் தங்கச்சி."

அந்த மாணவியின் கண் விரிந்தது. "ஏய், இங்க வாங்கடி! டிவியில சொன்னாங்களே, ஆவி கொண்டுபோன அக்கா, அவங்களோட அக்காவாம்!" நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அதற்குள் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தாள். "ஆன்ட்டி, நிஜமாவே பேய் பிடிச்சுதா? முகம் மாறிடுச்சாமே? கண்ணு வெள்ளையாயிடுச்சா?"

"இல்லம்மா" என்றாள் அக்காள். "பேயெல்லாம் இல்ல. உள்ள வச்சுக் கதவைப் பூட்டிட்டாங்க. அவளுக்கு இழுப்பு உண்டு. மருந்து வெளியில இருந்துச்சு. திறக்கச் சொல்லிக் கத்தினா."

மாணவிகள் காத்திருந்தார்கள். மேலே ஒன்றும் வரவில்லை. கைப்பேசி மெல்ல இறங்கியது.

"அவ்வளவுதானா ஆன்ட்டி?"